தந்தையின் நாவில் குடும்ப வரலாறு

தமிழ் இலக்கியத்தில் தாயின் குரல் தெளிவாகக் கேட்கும். தாலாட்டுபவள் தாய், நிலவைக் காட்டிச் சோறூட்டுபவள் தாய், மகள் பிரிந்த பின் வெறிச்சோடிய முற்றத்தைக் கண்டு புலம்புபவளும் தாயே. தந்தையோ பெரும்பாலும் செயலால் மட்டும் அறியப்படுகிறான். புறநானூற்றின் 312ஆம் பாடலில் பொன்முடியார் ஒரு மகனுக்குப் பிறர் ஆற்ற வேண்டிய கடமைகளைப் பகுத்துரைக்கிறார். பெற்று வளர்த்தல் தாயின் பங்கு என்றும், மகனைச் சான்றோனாக்குதல் தந்தையின் பங்கு என்றும் அப்பாடல் வகுக்கிறது. வள்ளுவரும் மக்கட்பேறு என்னும் அதிகாரத்தில், கற்றோர் அவையில் மகன் முன்னிற்குமாறு செய்வதே தந்தை செய்யத்தக்க உதவி என்கிறார். இவ்விடங்களில் எல்லாம் தந்தை செய்ய வேண்டியது யாது என்று கூறப்பட்டதே அன்றி, தந்தை தன் மக்களிடம் சொல்ல வேண்டியது யாது என்று கூறப்படவில்லை.

இந்த வினா நூலாராய்ச்சிக்கு மட்டும் உரியதன்று. தில்லி போன்ற நெடுந்தொலைவு நகரில் வாழும் தமிழ்க் குடும்பங்களுக்கு இது அன்றாட வினாவாகும். ஊரில் குடும்பக் கதையைக் குழந்தைகளுக்குச் சொல்லும் பொறுப்பு தந்தையைச் சார்ந்ததன்று. பாட்டி சொல்லுவாள், பெரியப்பா சொல்லுவார், எதிர்வீட்டுத் திண்ணையில் அமர்ந்திருப்பவர், "நீ இன்னார் பேரன் அல்லவா?" என்று தொடங்கி மூன்று தலைமுறையையும் ஒரு மூச்சில் உரைப்பார். கோயில் திருவிழாவும், குலதெய்வத்துக்கு முடியிறக்கும் சடங்கும், பங்காளி வீட்டுக் கல்யாணமும் வாய்திறவாமலே அக்கதையைச் சொல்லிவிடும். இராமகிருஷ்ணபுரத்திலோ லோதி காலனியிலோ இரண்டு அறைகள் கொண்ட அரசுக் குடியிருப்பில் பாட்டியும் இல்லை, திண்ணையும் இல்லை. அங்கே பலர் செய்த பணி தாய் தந்தையர் இருவர் மேல் வந்து விழுகிறது. தாய்க்கு இலக்கியம் ஒரு குரலைத் தந்திருக்கிறது. தந்தைக்கு அத்தகைய முன்மாதிரி உண்டா என்பதே இக்கட்டுரையில் நாம் ஆராய விரும்புவது.

பார்க்கும் தந்தை

சங்கப் பாடல்களுள் தந்தையின் உள்ளத்தை நேரே திறந்து காட்டுவது பாண்டியன் அறிவுடை நம்பி பாடிய 188ஆம் புறப்பாட்டு. செல்வம் நிறைந்த அரசனொருவன், தத்தி நடந்து வந்து உணவுக் கலத்தில் கைவிட்டுத் துழாவி, நெய்ச்சோற்றை மேலெல்லாம் பூசிக்கொள்ளும் குழந்தையைப் பார்க்கிறான். அக்காட்சியைப் பெறாதவர்க்கு வாழ்நாளால் பயனில்லை என்று முடிக்கிறான். அரியணையில் இருப்பவன் குழந்தையின் எச்சிற்கையைப் போற்றும் இப்பாடல் நம் இலக்கியத்தின் பெருமைகளுள் ஒன்று.

ஆயினும் ஒன்றைக் கருத வேண்டும். இங்கே தந்தை குழந்தையைப் பற்றிப் பிறரிடம் பேசுகிறான், குழந்தையிடம் பேசவில்லை. அவன் காண்பதும் அந்தக் கணத்தை மட்டுமே. அக்குழந்தை எந்தக் குடியில் வந்தது, அக்குடி எங்கிருந்து வந்தது, யார் யார் உதவியால் நிலைபெற்றது என்னும் செய்திகளுக்கு அப்பாடலில் இடமில்லை. அது பாடலின் குறையன்று. அதன் நோக்கம் வேறு.

தாயாக மாறிய தந்தை

குழந்தையின் வளர்ச்சிப் படிகளை ஒன்றன்பின் ஒன்றாக வைத்துப் பாடும் வழக்கத்தை நமக்கு விரிவாகக் காட்டியவர் பெரியாழ்வார். ஸ்ரீவில்லிபுத்தூரில் நந்தவனம் அமைத்து வாழ்ந்த அவர், கண்ணன் பிறந்த ஆரவாரம், தாலாட்டு, அம்புலியை அழைத்தல், செங்கீரை, சப்பாணி, தளர்நடை, காது குத்துதல், நீராட்டுதல் எனக் குழந்தைப் பருவத்தின் ஒவ்வொரு நிலைக்கும் ஒரு பதிகம் வைத்தார். இவ்வழியே பிற்காலத்தில் பிள்ளைத்தமிழ் என்னும் சிற்றிலக்கியமாக வளர்ந்தது. பன்னிரண்டாம் நூற்றாண்டில் ஒட்டக்கூத்தர் இயற்றிய குலோத்துங்கன் பிள்ளைத்தமிழும், பதினேழாம் நூற்றாண்டில் குமரகுருபரர் இயற்றிய மீனாட்சியம்மை பிள்ளைத்தமிழும் யாவரும் அறிந்தவை. காப்பு முதலாகப் பத்துப் பருவங்கள், ஐந்தாம் திங்களை ஒட்டிக் குழந்தை கையூன்றித் தலையசைப்பது செங்கீரை, கைகொட்டுவது சப்பாணி, ஓராண்டை ஒட்டி நடந்து வருவது வருகை. இன்று குழந்தை நல மருத்துவர் அட்டையில் குறிக்கும் வளர்ச்சி நிலைகளை நம் புலவர்கள் பாட்டில் குறித்து வைத்தனர் எனலாம்.

ஈண்டு ஒரு வியப்பான செய்தி உண்டு. பாடியவர்களுள் மிகப் பலர் ஆண்கள். ஆயினும் பெரியாழ்வார் யசோதையாக மாறியே கண்ணனை அழைத்தார். பிள்ளைத்தமிழின் பல பருவங்களிலும் தாயரின் குரலே ஒலிக்கிறது. பெரியாழ்வாரின் நிலையோ இன்னும் உருக்கமானது. அவர் ஆண்டாளை வளர்த்த தந்தை. வளர்த்த ஒரே மகளைத் திருமால் கொண்டு சென்றதாக வரும் திருமொழியிலும் அவர் ஒரு தாயின் நிலையில் நின்றே கலங்குகிறார். படிப்போர் அக்கலக்கத்தில் ஆண்டாளின் தந்தையைக் காண்கின்றனர். பாட்டோ தாயின் வாய்மொழியாகவே அமைந்திருக்கிறது. தன் மகளைப் பற்றித் தன் நெஞ்சு பேசும்போதும் தாயின் குரலை இரவல் வாங்க வேண்டியிருந்தது என்றால், தந்தைக்கென ஒரு மொழி நம் மரபில் எவ்வளவு அரிதாக இருந்தது என்பது புலனாகும்.

மேலும் ஒன்று. பிள்ளைத்தமிழ் பாடப்பெறுவது தெய்வத்தின் மீதும் அரசர் மீதும் சான்றோர் மீதுமே. எளிய குடும்பத்துப் பிள்ளை எப்போது எழுந்து நின்றான், எப்போது பள்ளிக்குச் சென்றான் என்பதை எழுதுவதற்கு உரைநடை வர வேண்டியிருந்தது. அவ்வுரைநடையில் இப்பணியைச் செய்தவர், பிள்ளைத்தமிழ் நூல்கள் பல இயற்றிய ஒரு மகாவித்துவானின் மாணவர் என்பது பொருத்தமான நிகழ்ச்சி.

'என் சரித்திரம்' கற்பிக்கும் முறை

மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையின் மாணவராகிய டாக்டர் உ. வே. சாமிநாதையர், 1940ஆம் ஆண்டு ஜனவரியில் 'ஆனந்த விகடன்' இதழில் 'என் சரித்திரம்' எழுதத் தொடங்கினார். அப்போது அவருக்கு வயது எண்பத்தைந்தை எட்டிக் கொண்டிருந்தது. 1942ஆம் ஆண்டு ஏப்ரலில் அவர் மறையும் வரை எழுதியவை 122 அத்தியாயங்கள். வாழ்க்கையை முழுதும் சொல்லி முடிப்பதற்குள் காலம் முந்திக்கொண்டது. எழுதிய பகுதி 1950இல் நூலாக வெளிவந்தது.

இந்நூலைப் பதிப்பாசிரியர் ஒருவரின் தொழில் வரலாறாகவே பலர் படிக்கின்றனர். சீவக சிந்தாமணி 1887இல் அச்சேறிய கதையை அறிவதற்காக முற்பகுதியை விரைந்து கடந்து செல்வோரும் உண்டு. நம் கருத்தில் முற்பகுதியே குடும்பத் தலைவர்கள் ஊன்றிப் படிக்க வேண்டியது. அது பிள்ளைகளுக்குக் குடும்பக் கதையைச் சொல்லும் முறையைக் கற்பிக்கிறது. அம்முறையில் மூன்று இயல்புகளைக் காண்கிறோம்.

முதலாவது, ஊர் முன்னும் ஆள் பின்னும் வருதல். முதல் அத்தியாயத்தின் பெயர் 'எங்கள் ஊர்'. தஞ்சையை ஆண்ட மன்னர் ஒருவர் ஏகாதசி என்பதை மறந்து தாம்பூலம் தரித்ததும், அதற்குக் கழுவாயாக வீடுகளும் கிணறுகளும் அமைத்து அந்தணர்க்கு அளித்ததும், அதனால் உத்தமதானபுரம் என்னும் பெயர் எழுந்ததும் அங்கே சொல்லப்படுகின்றன. அதன் பிறகே முன்னோர் வருகின்றனர். அதன் பிறகு தந்தையார் வேங்கடசுப்பையர் வருகிறார். அவர் கனம் கிருஷ்ணையரிடம் இசை பயின்ற கதை வருகிறது. நூலின் தலைவராகிய பிள்ளை பிறப்பதற்கு நாம் சில அத்தியாயங்கள் காத்திருக்க வேண்டும். குடும்பக் கதை கேட்கும் சிறுவனுக்கு இதனால் விளையும் நன்மை பெரிது. தான் தோன்றுவதற்கு முன்பே ஓர் உலகம் இருந்தது என்றும், அவ்வுலகத்தின் இறுதியில் தான் வந்து நிற்பதாகவும் அவன் உணர்கிறான். பிறந்த நாள் கேக்கில் தொடங்கும் கதையில் இவ்வுணர்ச்சி தோன்றாது.

இரண்டாவது, ஒவ்வொரு படியிலும் கைகொடுத்தவர் பெயரைச் சொல்லுதல். அரியலூரில் தமிழ்ச்சுவை காட்டிய சடகோபையங்கார், குன்னம், கார்குடி, செங்கணம் ஆகிய ஊர்களில் பாடம் சொன்னவர்கள், அக்குடும்பத்துக்கு நெல்லும் இடமும் அளித்து ஆதரித்தவர்கள் என ஒரு நீண்ட வரிசை அந்நூலில் செல்கிறது. 1880இல் கும்பகோணம் கல்லூரியில் வேலை கிடைத்ததைச் சொல்லும்போதும், அப்பதவியிலிருந்து ஓய்வு பெற்ற தியாகராச செட்டியார் தம் இடத்துக்கு இவரை முன்னிறுத்தியதே பெரிதாக விளங்குகிறது. ஒரு மனிதரின் முதல் உத்தியோகம் அவர் திறமைக்குக் கிடைத்த பரிசாக அங்கே வைக்கப்படவில்லை. மற்றொருவர் அன்புக்குப் பட்ட கடனாக வைக்கப்பட்டிருக்கிறது.

மைய அரசு அலுவலகங்களில் பணிபுரியும் நமக்குப் பணிப் பதிவேடு என்பது நன்கு தெரிந்த ஒன்று. பிறந்த தேதி, பணியிற் சேர்ந்த தேதி, நிலைப்படுத்தப்பட்ட தேதி, ஊதிய உயர்வு, பதவி உயர்வு, இடமாற்றம் என யாவும் ஒழுங்காகப் பதிவாகிச் சான்றொப்பம் பெற்றிருக்கும். குடும்ப விவரப் படிவமும் அதனுள் இருக்கும். மனைவி மக்களின் பெயரும் பிறந்த தேதியும் அதில் உண்டு. ஆனால் ஊரிலிருந்து புறப்பட்ட நாளில் ரயில் செலவுக்குப் பணம் தந்தவர் யார், தில்லியில் இறங்கிய முதல் மாதம் தம் அறையில் பாய் விரித்து இடம் தந்தவர் யார் என்பதற்கு அப்பதிவேட்டில் கட்டம் இல்லை. வீட்டில் தந்தை சொல்லும் கதையும் பதிவேட்டைப் போலவே அமைந்துவிடுமானால், பிள்ளைகள் தேதிகளை அறிவார்கள், கடன்களை அறியமாட்டார்கள். 'என் சரித்திரம்' பதிவேட்டில் இல்லாத அந்தப் பகுதியையே முதன்மையாகச் சொல்லுகிறது.

மூன்றாவது, வறுமையை நாணாமலும் அதனைக் கொண்டு இரக்கம் தேடாமலும் சொல்லுதல். வேங்கடசுப்பையர் இராமாயணக் கதை சொல்லிக் குடும்பம் நடத்தியவர். மகனும் இசை பயில வேண்டும் என்பது அவர் விருப்பம். மகனுக்கோ தமிழின் மேல் தணியாத வேட்கை. அவ்வேட்கையைக் கண்ட தந்தை, பாடம் சொல்ல வல்லவர் இருக்கும் ஊரை நாடிக் குடும்பத்தையே பெயர்த்துக் கொண்டு சென்றார். இறுதியில் 1871இல் மாயூரத்துக்கு அழைத்துச் சென்று மகாவித்துவானிடம் மகனை ஒப்படைத்தார். பிள்ளையின் படிப்புக்காக ஊர்விட்டு ஊர் பெயர்ந்த குடும்பம் அது. இடமாற்ற ஆணையைக் கையில் வைத்துக்கொண்டு பிள்ளைகளின் பள்ளியைப் பற்றிக் கவலைப்படும் தில்லித் தமிழர் எவரும் அப்பக்கங்களில் தம்மையே காண்பர்.

இந்நிகழ்ச்சிகளைச் சொல்லும் ஐயரின் நடையில் அழுகை இல்லை. இன்று நெல் இருந்தது, நாளைக்கு இல்லை. ஆயினும் பாடம் நடந்தது என்னும் முறையில் அவர் எழுதிச் செல்லுகிறார். "நாங்கள் பட்ட கஷ்டம் உங்களுக்கு என்ன தெரியும்?" என்று பிள்ளைகளை நோக்கித் தொடுக்கும் அம்பாக அவ்வறுமை பயன்படவில்லை. தந்தையர் பலர் குடும்பக் கதையைத் தொடங்கும்போது இவ்விடத்திலேயே சறுக்குகின்றனர். தெருவிளக்கில் படித்த கதை, செருப்பில்லாமல் நடந்த கதை ஆகியவை மதிப்பெண் குறைந்த நாளில் மட்டும் வெளிவருமானால், அவை வரலாறாக நில்லாமல் கண்டனமாக மாறிவிடும். குழந்தை காதை மூடிக்கொள்ளும்.

அந்நூலின் ஒரு குறையையும் இங்கே சுட்டாமல் இருத்தல் முறையன்று. அதில் ஆடவர் உலகமே விரிந்து கிடக்கிறது. ஊர் ஊராகப் பெயர்ந்த அக்குடும்பத்தில், ஒவ்வொரு புது வீட்டிலும் அடுப்பு மூட்டியவர் தாயார். அவர் நினைத்தது யாது, 1868இல் நடந்த திருமணத்தின் வழியே சிறுமியாக அவ்வீட்டுக்கு வந்த மனைவி கண்டது யாது என்பன நமக்கு மிகச் சிறிதளவே தெரிகின்றன. அக்கால வழக்கு அவ்வாறு இருந்தது எனலாம். ஆனால் இன்று அம்முறையைப் பின்பற்ற விரும்பும் தந்தை இக்குறையையும் சேர்த்துப் பின்பற்ற வேண்டியதில்லை. குடும்பம் தில்லிக்கு வந்த கதையில் தந்தையின் பணி ஆணை ஒரு பாதி. மொழி தெரியாத சந்தையில் கைவிரலால் எண்ணிக் காட்டிக் காய்கறி வாங்கத் தொடங்கி, ஆறு மாதத்தில் இந்தியில் பேரம் பேசக் கற்ற தாயின் துணிவு மறுபாதி.

கசப்பையும் சொன்னவர்

குடும்பப் படிகளைச் சொல்லும் மற்றொரு முறையைப் பாரதியாரிடம் காண்கிறோம். 1910இல் புதுச்சேரியில் இருந்தபோது வெளிவந்த 'கனவு' என்னும் சுயசரிதைப் பாடலில், அவர் தம் வாழ்வின் படிகளைக் காயங்களாகவே வரிசைப்படுத்துகிறார். ஆங்கிலக் கல்வியால் தந்தையின் பொருள் கரைந்தமை, 1897இல் சிறுவயதிலேயே நடந்த திருமணம், தொழிலில் நொடித்த தந்தை சின்னசாமி ஐயர் 1898இல் மறைந்தமை ஆகியவை அவர் இளமையின் மைல்கற்கள். தந்தையின் தோல்வியை மறைக்காமல் மகன் சொல்லிய அப்பாட்டில் உண்மையின் வெப்பம் இருக்கிறது.

ஆயினும் அது சிறு பிள்ளைகளுக்காகச் சொல்லப்பட்டதன்று. தம் மக்கள் தங்கம்மாளும் சகுந்தலாவும் வளர்ந்த புதுச்சேரி வீட்டில் பாரதியார் எவ்வாறு பேசினார், விளையாடினார், பாடினார் என்பதை அம்மக்கள் இருவரும் பிற்காலத்தில் தாமே எழுதினர். தந்தை சொல்லாமல் விட்டதைப் பிள்ளைகள் பார்த்து வைத்துக்கொள்கின்றனர் என்பதற்கு அவ்விருவர் எழுத்துகளும் சான்று. நாம் சொல்லாவிட்டாலும் கதை ஒன்று அவர்கள் மனத்தில் உருவாகிக் கொண்டுதான் இருக்கும். சொல்லுவதால் நாம் பெறுவது, அக்கதையில் ஊரும் முன்னோரும் சேர்வதற்கு ஒரு வாய்ப்பு.

தொலைவிலிருந்து எழுதிய தந்தை

தில்லியில் வாழ்வோர் பிள்ளைகளை அழைத்துச் செல்லும் இடங்களுள் ஒன்று தீன்மூர்த்தி இல்லம். அங்கே வாழ்ந்த ஜவாகர்லால் நேரு, தம் மகளுக்கு எழுதிய கடிதங்கள் உலகறிந்தவை. 1928இல் பத்து வயது இந்திரா மசூரியில் இருக்க, தந்தை அலகாபாத்திலிருந்து எழுதிய கடிதங்கள் 1929இல் நூலாயின. அவற்றைப் பிரேம்சந்த் இந்தியில் மொழிபெயர்த்தார். பின்னர் 1930 அக்டோபர் 26ஆம் நாள், இந்தியப் பஞ்சாங்கப்படி அமைந்த மகளின் பதின்மூன்றாம் பிறந்த நாளுக்கு, நைனிச் சிறையிலிருந்து ஒரு கடிதம் எழுதினார். சிறையிலிருந்து வேறு பரிசு அனுப்ப இயலாத தந்தை, கடிதத்தையே பரிசாக அனுப்பினார். 1933 ஆகஸ்டு வரை நீண்ட அவ்வரிசை 196 கடிதங்களாகி உலக வரலாறாக மலர்ந்தது.

பிறந்த நாளில் உடனிருக்க இயலாத தந்தையின் நிலை இடமாற்றத்தால் பிரிந்து வாழும் குடும்பங்களுக்குத் தெரியாததன்று. குழந்தையைத் தாழ்ந்த அறிவினராக எண்ணாமல் சமநிலையில் வைத்துப் பேசும் பண்பை நேருவிடம் கற்கலாம். ஆனால் அக்கடிதங்களில் பூமியின் கதையும் நாடுகளின் கதையும் பெருகும் அளவுக்குக் குடும்பத்தின் கதை இடம்பெறவில்லை. உலகத்தில் தொடங்கிய அவர் வீட்டை விரித்துரைக்க வேண்டிய தேவை நேரவில்லை எனலாம். அக்குடும்பத்தின் கதையை நாடே சொல்லிக் கொண்டிருந்தது. ஓர் எழுத்தரின் குடும்பக் கதையை நாடு சொல்லாது. அதைச் சொல்ல அவ்வீட்டுத் தந்தையைத் தவிர வேறு ஆள் இல்லை. ஆகவே நேருவிடம் மகளை மதித்துப் பேசும் தொனியையும், ஐயரிடம் ஊரிலிருந்து தொடங்கும் முறையையும் ஏற்றல் நமக்குப் பொருந்தும் என்பது நம் முடிவு.

இரண்டு ஊர்களின் கதை

இம்முறையை இங்கே பின்பற்றுவதில் ஒரு சிக்கல் உண்டு. 'எங்கள் ஊர்' என்று தொடங்கினால், எந்த ஊர்? தந்தைக்கு அது காவிரிக் கரையிலோ தாமிரவருணிக் கரையிலோ உள்ள ஒரு சிற்றூர். பிள்ளைக்கு அது சரோஜினி நகரோ நேதாஜி நகரோ ஆகும். ஆண்டுக்கொரு முறையோ இரண்டாண்டுக்கொரு முறையோ விடுப்புப் பயணச் சலுகையில் சென்று பத்து நாள் தங்கும் இடத்தை ஒரு குழந்தை தன் ஊர் என்று ஏற்பது அரிது. அதைக் குறை கூறுவதிலும் பொருளில்லை.

தில்லியில் தமிழர் வாழ்வுக்கும் இப்போது ஒரு நூற்றாண்டுக்கு மேற்பட்ட வரலாறு இருக்கிறது. 1911 டிசம்பரில் தலைநகர் மாற்றம் அறிவிக்கப்பட்டது. 1931இல் புதுதில்லி திறந்து வைக்கப்பட்டது. அரசு அலுவலகங்களில் பணிபுரியத் தென்னாட்டினர் வந்தனர். தம் பிள்ளைகளுக்காகப் பள்ளிகள் கண்டனர். 1946இல் தில்லித் தமிழ்ச் சங்கம் தோன்றியது. தஞ்சை மன்னர் கதையோடு இக்கதையும் சொல்லப்பட வேண்டியதே. உத்தமதானபுரம் எவ்வாறு ஏற்பட்டது என்று ஐயர் சொன்னதுபோல, நாம் வாழும் குடியிருப்பு எவ்வாறு ஏற்பட்டது, அங்கே முதலில் வந்த தமிழ்க் குடும்பங்கள் எவ்வாறு கூடி வாழ்ந்தன என்பதும் பிள்ளையின் 'எங்கள் ஊர்' அத்தியாயத்தில் சேர வேண்டும்.

இதனைத் தள்ளிப் போடவும் இயலாது. அரசுக் குடியிருப்பு நமக்குச் சொந்தமானதன்று; ஓய்வு பெற்றால் காலி செய்ய வேண்டியது. அதனினும் மேலாக, 2016இல் மைய அமைச்சரவை ஏழு அரசுக் குடியிருப்புகளை மறுசீரமைக்க ஒப்புதல் அளித்ததன் பின், சரோஜினி நகர், நேதாஜி நகர், நௌரோஜி நகர் முதலிய இடங்களில் பழைய வீடுகள் இடிக்கப்பட்டன. எத்தனையோ தமிழ்ப் பிள்ளைகள் முதல் அடி எடுத்து வைத்த தரை அங்கே இப்போது இல்லை. பிளாக் எண்ணைச் சொல்லி, "இங்கேதான் நீ நடக்கக் கற்றாய்" என்று காட்டுவதற்கு ஒரு சுவரும் இல்லாத நிலையில், அதைச் சொல்லில் காட்டுவது ஒன்றே வழி. ஊரில் பாட்டன் வீடு விற்கப்பட்டு, இங்கே பிறந்த வீடு இடிக்கப்பட்டு நிற்கும் பிள்ளைக்குத் தந்தையின் நாவே பூர்வீக வீடு.

மொழியைப் பற்றியும் ஒரு சொல். அக்கதையைத் தமிழில் சொல்ல வேண்டும் என்று நாம் வற்புறுத்துவது மொழிப்பற்றினால் மட்டுமன்று. ஆங்கிலத்தில் சொன்னால் அத்தையும் சித்தியும் மாமியும் 'ஆண்ட்டி' என்னும் ஒரே சொல்லில் கரைந்து போவர். யார் தந்தையின் தமக்கை, யார் தாயின் தங்கை என்பது தெரியாவிட்டால் கதையில் யார் யாருக்கு உதவினார் என்பதும் தெரியாது. திண்ணை, கூடம், கொல்லை, களத்துமேடு, மதகு ஆகியவை அடுக்குமாடி வீட்டில் வளரும் குழந்தைக்குப் பொருளாகக் கிடைக்க மாட்டா. கதையில் வந்தால் சொல்லாகவேனும் கிடைக்கும். குழந்தை இந்தியில் வினவினாலும் தந்தை தமிழில் விடையிறுக்கலாம். புரியாத சொல் வரும் இடத்தில் கதை சற்று நின்று, அச்சொல்லுக்கு ஒரு கிளைக்கதை முளைக்கும். 'என் சரித்திரம்' நெடுகிலும் இத்தகைய கிளைக்கதைகள் காணக் கிடைக்கின்றன.

முடிவாக ஒரு கருத்து. ஐயர் தம் வரலாற்றை முடிக்கவில்லை. நூலில் அவர் வாழ்க்கை பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியளவில் நின்றுவிடுகிறது. எஞ்சிய நாற்பது ஆண்டுகள் எழுதப்படாமலே போயின. எனினும் அந்நூல் குறைபட்டதாக எவரும் எண்ணவில்லை. குடும்பக் கதையும் அவ்வாறே. தந்தை எல்லாவற்றையும் ஒழுங்காக நினைவு கூர்ந்து, நல்ல நாள் பார்த்து, முதலிலிருந்து இறுதி வரை சொல்ல வேண்டும் என்பதில்லை. ஞாயிற்றுக்கிழமை எண்ணெய் தேய்த்துக் கொள்ளும்போது ஓர் அத்தியாயம், மின்சாரம் நின்ற இரவில் மொட்டை மாடியில் ஓர் அத்தியாயம், ஊருக்குச் செல்லும் ரயிலில் விந்தியமலை கடக்கும் நேரத்தில் ஓர் அத்தியாயம் என்று சொன்னால் போதும். ஊரில் தொடங்கி, உதவியவர் பெயரை விடாமல், கஷ்டத்தைச் சாட்டையாக்காமல், தாயின் பங்கை மறவாமல் சொன்னால் போதும். இச்சங்கத்தின் நூலகத்தில் 'என் சரித்திரம்' கிடைக்கும். அன்பர்கள் அதன் முதற்பகுதியை இரவல் பெற்றுச் சென்று, பிள்ளைகளை அருகில் இருத்தி உரக்கப் படித்துக் காட்டுமாறு வேண்டுகிறோம். இரண்டாம் அத்தியாயம் முடிவதற்குள், "நம்முடைய ஊர் எப்படி அப்பா ஏற்பட்டது?" என்னும் வினா எழும். அப்போது நூலை மூடி வைத்துவிடலாம்.